தோட்டத்து டே லில்லியும் எங்கள் கறுப்பியும்

குன்னூரிலிருந்து:

டே லில்லி இருக்கும் வீட்டில் பூனை வளர்க்கலாமா என்று கேட்ட சகோதரிக்கு, கூடாது என்பதே என் பதில். எங்கள் வாசற்படியின் இரு பக்கமும், மாமியார் காலத்தில் நட்ட ஆரஞ்சு நிற டே லில்லி அடர்ந்து நின்றது. அதன் மொட்டுகளைச் சீனர்கள் உலர்த்திச் சமைப்பார்கள் என்று அறிந்திருந்ததால், மனிதர் உண்பது பூனையை என்ன செய்துவிடும் என்று அசட்டையாக இருந்துவிட்டேன்.

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு காலை, தூறலுக்கு ஒதுங்கி உள்ளே வந்த எங்கள் பூனை கறுப்பியின் மீசையிலும் நெற்றியிலும் அந்தப் பூவின் மஞ்சள் நிற மகரந்தம் அப்பியிருந்தது. முன்காலை நக்கி நக்கி அது முகம் துடைப்பதைப் பார்த்துச் சிரித்தேனே தவிர, ஈரத்துணியால் துடைத்துவிடத் தோன்றவில்லை. மதியத்துக்குள் இருமுறை வாந்தி எடுத்தது. இரண்டாம் முறை நார் நாராக இலைத் துணுக்குகளும் வந்தன. மாலையில் வாந்தி நின்றதும் நாங்கள் நிம்மதியடைந்தோம். கோவையிலிருந்து பேசிய என் மகன்தான், விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றான். அன்றிரவே பர்லியார் வழியாக மலையிறங்கினோம்.

வாந்தி அடங்கும் அந்த இடைவெளிதான் ஏமாற்றும் என்று கோவையில் மருத்துவர் விளக்கினார். பூனை சற்றுத் தேறியதுபோல் தெரியும் அதே நேரத்தில் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் அழிந்துகொண்டிருக்கும் என்றும், கவனிக்காமல் விட்டால் 1 முதல் 3 நாட்களுக்குள் சிறுநீரகமே செயலிழக்கும் என்றும் சொன்னார். எந்த வேதிப்பொருள் இதைச் செய்கிறது என்பது இன்னும் கண்டறியப்படாததால் மாற்று மருந்து கிடையாது. சுமார் 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்குவதே வழி. இலை, பூ, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் ஆகிய அனைத்துமே நஞ்சுதான். மூன்று நாட்கள் திரவம் ஏறியது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இரத்தத்தில் சற்றே உயர்ந்திருந்தது, அது மெல்ல இறங்கிய பிறகே வீடு திரும்பினோம்.

கொடைக்கானலிலிருந்து:

அம்மா, எங்கள் பூனை ஓடையோரத்து வெள்ளைக் காலா லில்லியைக் கடித்தபோது, எச்சில் ஒழுக வாயைத் தேய்த்துக்கொண்டு நின்றது, மாலைக்குள் தெளிந்துவிட்டது. ஆகவே லில்லி என்றாலே அஞ்ச வேண்டுமா?

குன்னூரிலிருந்து:

பெயர்தான் குழப்புகிறது, ஐயா. காலா லில்லியில் இருப்பவை வாயைக் குத்தும் ஆக்சலேட் ஊசிகள். அவை சிறுநீரகத்தை அழிப்பதில்லை. தாவரவியலார் டே லில்லியையும் அசல் லில்லிக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் பூனைக்கு மட்டும் டே லில்லியும் அசல் லில்லியும் ஒரே கேட்டைத்தான் செய்கின்றன. பூங்கொத்துகளில் வரும் லிலியம்தான் அந்த அசல் லில்லி. அதை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

வாசலில் இருந்தவற்றை அந்த வாரமே தோண்டி எடுத்தோம். சதைப்பற்றான வேர்கள் மண்ணுக்குள் தங்கிவிடுவதால், இந்த மழைக்கும் மூன்று இடங்களில் துளிர்த்திருந்தன. நேற்றுதான் களைக்கொத்தியால் கிளறி எடுத்தேன்.