புதுப்பிப்பு: மூன்று மருந்துக்கும் அடங்காத ரத்த அழுத்தம், காரணம் தெரிந்துவிட்டது

நீர் பிரிக்கும் மாத்திரை உட்பட மூன்று மருந்துகள் எடுத்தும் அண்ணனுக்கு ரத்த அழுத்தம் இறங்கவில்லை. திடீர் திடீரென்று வியர்வை, படபடப்பு, தலைவலி என்று முன்பு எழுதியிருந்தேன். அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் பொருளை அளக்கும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனையைச் சொன்னவர்களுக்கு நன்றி. அளவு இயல்பைவிடப் பல மடங்கு. சி.டி. ஸ்கேனில், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் வலது அட்ரினல் சுரப்பியில் கட்டி: அந்த ஹார்மோன்களை அளவுமீறிச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா.

அறுவை சிகிச்சை உடனே இல்லை. முதலில் டாக்சசோசின் என்ற, ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஆல்ஃபா தடுப்பு மருந்து. கூடவே உப்பும் தண்ணீரும் தாராளமாக. பிரஷர்காரரிடம் போய் உப்பைக் கூட்டச் சொல்கிறார்களே என்று அண்ணி விழித்தார்! கட்டி கொட்டும் ஹார்மோன்கள் ரத்தக் குழாய்களை இறுக்கியே வைத்திருப்பதால் ரத்தத்தின் கன அளவு குறைந்துவிடுகிறது. குழாய்கள் தளரும்போது அதை ஈடுகட்ட வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்து அதற்குப் பிறகுதான். முந்திக் கொடுத்தால் அழுத்தம் எகிறிவிடும்.

புதிய சிகிச்சைகளைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 2023இல் ஒப்புதல் பெற்ற சிறுநீரக நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சையும், 2024இல் வந்த அப்ரோசிடென்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரையும் இப்படிக் கட்டி இல்லாதவர்களுக்கானவை. அறுவையால் அகற்ற முடியாத அல்லது பரவிய இவ்வகைக் கட்டிக்கு 2025 முதல் அங்கே பெல்சுட்டிஃபான் மாத்திரை உண்டு. அண்ணனுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை.

மரபணுப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. இந்நோய் வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது பரம்பரையானது. முடிவு அப்படி வந்தால் அடுத்து என் முறை.