வலையில் சிக்கிய பறவை: நேற்று நான் செய்தது தப்பா?

மண்வெட்டி:
கொல்லையில் இருக்கும் அத்தி மரத்துக்குப் போன மாதம் பச்சை நைலான் வலை போட்டேன். நேற்றுக் காலை அதில் ஒரு சின்னான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நூலை ஒவ்வொன்றாக இழுத்து எடுக்கப் பார்த்தேன். இழுக்க இழுக்க இறுகியது, பறவையோ கத்திக்கொண்டே உதறியது. கடைசியில் நகவெட்டியால் அறுத்து, அங்கேயே பறக்கவிட்டேன். வேலி வரைக்கும்தான் போனது. ஒரு காலைத் தொங்கவிட்டபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது, அப்புறம் காணோம். மனசு கேட்கவில்லை. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்? வலையைக் கழற்றவும் மனமில்லை. போன வருஷம் எனக்கு மிஞ்சியது மூன்றே பழம்.

கூகைக்கூடு:
நகவெட்டியா! சரி, கையில் கிடைத்தது அதுதான். காயம்பட்ட பறவைகளைப் பராமரிக்கும் இடத்தில் ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் உதவிக்குப் போகிறேன். பழம் பழுக்கும் பருவம் வந்தால் எங்களுக்கு வலையும் கத்தரிக்கோலும்தான்.

முதலில் ஒரு துண்டைத் தலைமேல் போடுங்கள். கண் மறைந்தால் பாதி உதறல் அடங்கிவிடும். அதே துண்டால் இறக்கைகள் உடம்போடு சேரும்படி பிடியுங்கள், ஆனால் நெஞ்சை அழுத்தாதீர்கள். நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் (நுரையீரலுக்கு அடியில் மூச்சிழுக்க உதவும் தசை) பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு உள்ளே போகும். காப்பாற்றுகிற அவசரத்தில் இறுக்கிப் பிடித்தே கொன்றவர்கள் உண்டு.

மரத்தில் தொங்கவைத்தபடி சிக்கலைப் பிரிக்க வேண்டாம். பறவையைச் சுற்றி ஒரு சாண் விட்டு வலையை வெட்டி, வெட்டிய வலையோடு சேர்த்துக் கீழே கொண்டுவாருங்கள். உடம்பின் எடை இழுக்காவிட்டாலே நூல் கொஞ்சம் தளரும். பிறகு முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வோர் இழையாக வெட்டுங்கள். நூல் தோலுக்குள் புதைந்திருந்தால் கை வைக்காமல் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைக்கும்போது ஓர் இழை பாக்கி இருக்கும். இறக்கைக்கு அடியில், விரல் இடுக்கில், ஒரு மைனாவுக்கு நாக்கைச் சுற்றியே இருந்தது.

நீங்கள் செய்த தப்பு என்றால், உடனே விட்டதுதான். நூல் இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்ட இடத்தில் வீக்கமும் தசை அழுகலும் சில நாள் கழித்துக்கூடத் தெரியவரும். அன்றைக்குப் பறந்துவிட்டது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. துளை போட்ட அட்டைப்பெட்டியில் மெல்லிய பருத்தித் துணி விரித்து (பூத்துவாலை வேண்டாம், நகம் மாட்டும்), இருட்டாக, சத்தமில்லாமல் வைத்து, பறவை மீட்பவர்களிடமோ மருத்துவரிடமோ கொடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

கொக்கு மாட்டினால் கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கள், அது கண்ணைப் பார்த்துத்தான் குத்தும். ஆந்தை என்றால் கால் நகம்.

திராட்சைப்பந்தல்:
வலையைக் கழற்ற வேண்டாம், மாற்றுங்கள். சுண்டுவிரல் நுழைகிற கண் உள்ள வலை எதுவும் ஆகாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது: வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண், முழுக்க இழுத்துப் பிடித்தாலும் 5 மி.மீ. தாண்டக் கூடாது. போர்வை மாதிரித் தொளதொளவென்று போடாமல், குழாய்களை நட்டு அதன்மேல் விறைப்பாகக் கட்டுங்கள். பச்சை, கறுப்பைவிட வெள்ளை வலை பறவைகளுக்கு நன்றாகத் தெரியும். அடியில் இடைவெளி விட்டால் பாம்பும் வந்து மாட்டும்.

ஒரு மரம்தானே, பழத்துக்குப் பழம் சின்னத் துணிப்பை கட்டினாலும் போதும். நான் எட்டும் கிளைகளுக்கு மட்டும் கட்டிவிட்டு உச்சியைப் பறவைகளுக்கு விட்டுவிடுகிறேன். ஏணி ஏறச் சோம்பல் என்று வீட்டில் சொல்வார்கள், கண்டுகொள்வதில்லை.

மண்வெட்டி:
வலையை இன்று கழற்றிவிட்டேன். கழற்றும்போது அடியில் ஓர் ஓணான் சிக்கியிருந்தது, துண்டு போட்டு எடுத்தாயிற்று. தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னான் ஒற்றைக்காலில் நிற்கிறது. நேற்று வந்ததுதானா என்று தெரியவில்லை. பிடிக்கட்டுமா?

கூகைக்கூடு:
நல்ல பறவையும் ஓய்வாக ஒற்றைக்காலில் நிற்கும். பத்தடியில் நீங்கள் வரும்போதே பறந்துவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டடி வரைக்கும் நகராமல் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் துண்டை எடுங்கள். பெட்டியை இப்போதே தயாராக வைத்துவிடுங்கள்.