வார்டுல உன் பக்கத்துல யார் நிக்கிறாங்க?

அம்மா: கயலுக்கு ரெண்டு மெடிக்கல் காலேஜ்ல இடம் கிடைக்கும் போலிருக்கு. வியாழக்கிழமை ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணு நேர்ல போய்ப் பாக்கலாம்னு இருக்கோம். வெறும் கட்டடத்தைப் பாத்துட்டு வந்தா ஒண்ணும் தெரியப் போறதில்லை. தம்பி, நீங்க அனாடமி நடத்துறவங்க. செல்வி மெடிசின் வார்டுலயே வேலைன்னு கிடக்குறா. செந்திலுக்கு ஹவுஸ் சர்ஜன்சி, அதான் படிப்பு முடிஞ்சு ஹாஸ்பிடல்ல எடுக்கிற பயிற்சி, ஓடிட்டிருக்கு. என்ன பாக்கணும், யார்கிட்ட கேக்கணும்னு மூணு பேரும் சொல்லுங்க.

கயல்: லைப்ரரி, ஹாஸ்டல், பாஸ் பர்சன்டேஜ்னு ஒரு லிஸ்ட் எழுதி வச்சிருக்கேன் சித்தப்பா. போதுமா?

சித்தப்பா: பாஸ் பர்சன்டேஜை அடிச்சுடும்மா. பசங்க ராத்திரி உக்காந்து எவ்வளவு படிச்சாங்கன்னுதான் அதுல தெரியும். காலேஜ் என்ன சொல்லிக் குடுத்துதுன்னு தெரியாது. முதல்ல கேக்க வேண்டியது இது: "நீங்க ஒரு நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது பக்கத்துல நின்னு பாத்துத் திருத்துறது யாரு?"

சித்தப்பா: மூணாவது, நாலாவது வருஷப் பசங்க நாலஞ்சு பேரைத் தனித்தனியாக் கேளு. கூட்டமா நின்னா முதல்ல பேசுறவர் சொல்றதையே மத்தவங்களும் சொல்லிடுவாங்க. "போன செவ்வாய்க்கிழமை எங்க யூனிட் அசிஸ்டென்ட் பாத்தாங்க, லிவர் தொடுற கை தப்புன்னு சொன்னாங்க"ன்னு பதில் வந்தா அங்க பாடம் நடக்குது. "எல்லாருமே நல்லா சொல்லித் தருவாங்க"ன்னு வந்தா விடாதே, "கடைசியா எப்போ?"ன்னு கேளு.

செல்வி அக்கா: இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன் கயல். நிறைய இடத்துல நடக்கிறது என்னன்னா, ஸ்டூடன்ட் தனியாப் போய் நோயாளியைப் பாத்துட்டு வருவாங்க, தனி ரூம்ல கேஸ் பிரசன்ட் பண்ணுவாங்க, சார் கேள்வி கேப்பாங்க. ஸ்டூடன்ட் எப்படிக் கை வச்சாங்கன்னு யாருமே பாக்கலை. "ஸ்ப்ளீன் தொட முடியலை சார்"னு சொன்னா அது ஸ்ப்ளீன், அதாவது மண்ணீரல், பெருசாகாததாலயா, கையைத் தப்பான இடத்துல ஆரம்பிச்சதாலயான்னு யாருக்குத் தெரியும்? வலது பக்க அடிவயித்துலேர்ந்து ஆரம்பிச்சு இடது விலா எலும்பைப் பாத்து நகரணும். நேரா விலா எலும்புக்குக் கீழயே கை வச்சா, ரொம்பப் பெருசான ஸ்ப்ளீனோட ஓரம் கைக்கும் கீழ இருக்கும், தெரியவே தெரியாது. இந்தத் தப்பைப் பக்கத்துல நிக்கிறவங்கதான் பிடிக்க முடியும்.

கயல்: புக்ல படம் போட்டு எழுதியிருப்பாங்களே அக்கா, வீடியோவும் இருக்கே?

செல்வி அக்கா: இருக்கு, பாக்கவும் வேணும். ஆனா பெர்கஷனை எடுத்துக்கோ, அதாவது நெஞ்சைத் தட்டிப் பாக்கிறது. இடது கை நடுவிரலை ரெண்டு விலா எலும்புக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில, எலும்புக்கு இணையா, நல்லா அழுத்தி வைக்கணும். மத்த விரல் எதுவும் நெஞ்சைத் தொடக் கூடாது, தொட்டா சத்தம் அமுங்கிடும். வலது நடுவிரலை மடக்கி, அந்த விரலோட நடு எலும்பு மேல மணிக்கட்டுலேர்ந்து தட்டிட்டு உடனே எடுத்துடணும்.

செல்வி அக்கா: புதுசா செய்றவங்ககிட்ட வர்ற தப்பு பெரும்பாலும் நாலுதான். கீழ இருக்கிற விரல் லூசா இருக்கும். முழங்கையிலேர்ந்து அடிப்பாங்க. தட்டின விரலை அப்படியே வச்சிருப்பாங்க. நகம் வெட்டியிருக்க மாட்டாங்க, அதனால சாய்வாத் தட்டுவாங்க. நாலுல எது நடந்தாலும் நல்ல நுரையீரல்கூட டல்லாக் கேக்கும். "டல்"னு எழுதி, ஒண்ணுமே இல்லாதவருக்கு நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்குன்னு முடிவு பண்ணிடுவாங்க. உன் கைக்கு எது பழகியிருக்குன்னு வீடியோவுக்குத் தெரியாது.

சித்தப்பா: 1761ல அவுன்ப்ருக்கர்ங்கிற ஆஸ்திரிய டாக்டர் எழுதி வச்ச முறை அது. ஸ்டெதாஸ்கோப் வந்ததே 1816லதான். இத்தனை வருஷமா ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்குன்னு வந்துட்டிருக்கு.

அம்மா: அப்போ ஒரு டாக்டருக்கு எத்தனை பசங்க இருந்தா சரி?

செல்வி அக்கா: கட்டில் பக்கத்துல அஞ்சாறு பேர்னா எல்லாருக்கும் கை வைக்க இடம் கிடைக்கும் பெரியம்மா. பதினஞ்சு பேர் நின்னா முன்வரிசை மூணு பேர்தான் கத்துக்குவாங்க, பின்னாடி நிக்கிறவங்க முதுகைத்தான் பாப்பாங்க. நோயாளிக்கும் கஷ்டம், ஒரே வயித்தை எத்தனை பேர்தான் அமுக்குறது? கயல், நீ வார்டு வழியாப் போகும்போது ஸ்கிரீன் இழுத்திருக்காங்களா, தொடுறதுக்கு முன்னாடி நோயாளிகிட்ட அனுமதி கேக்குறாங்களான்னு கவனி. அந்தப் பழக்கம் இருக்கிற யூனிட்ல மத்ததும் பெரும்பாலும் ஒழுங்கா இருக்கும்.

சித்தப்பா: முதல் வருஷத்துக்கு வரேன். டிசெக்ஷன் ஹால்ல, அதாவது உடலை அறுத்துப் படிக்கிற இடத்துல, ஒரு கடாவருக்கு (இறந்தவர் உடலுக்கு) எத்தனை பேர்னு கேளு. அதைவிட முக்கியம், கத்தி யார் கையில இருக்குன்னு கேக்கிறது. ஒரு டேபிள்ல இருபது பேர் இருந்தாலும் நாலு நாலு பேரா முறை வச்சு, ஒருத்தர் அறுக்க, ஒருத்தர் மேனுவலைப் படிக்க, ரெண்டு பேர் தோலை இழுத்துப் பிடிக்கன்னு நடத்துற இடமும் இருக்கு. எட்டே பேர் இருந்தும் தினமும் அதே ரெண்டு பேர் அறுக்கிற இடமும் இருக்கு.

சித்தப்பா: அங்கயும் பக்கத்துல நிக்கிறவங்கதான் வித்தியாசம். தோல் பல இடத்துல 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. முதல் நாள் எல்லாரும் ஆழமாத்தான் கீறுவாங்க. தோலோட சேந்து அடியில இருக்கிற கொழுப்பும் வந்துடும், அதுல ஓடுற மெல்லிசான தோல் நரம்பும் போயிடும். அப்புறம் "எங்க டேபிள்ல அந்த நரம்பே இல்லை சார்"னு சொல்லுவாங்க. நரம்பைத் தேடுறதுக்குக் கத்தியை எடுக்கவே கூடாது. கத்தரிக்கோல் முனையை மூடியபடி உள்ள விட்டுத் திறக்கணும், நரம்பு போற திசையிலேயே பிரிச்சுக்கிட்டுப் போகணும்.

கயல்: படத்துல பாத்தா எல்லாம் மஞ்சள், சிவப்பு, நீலம்னு தெளிவா இருக்கு. நிஜத்துல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சித்தப்பா: நிஜத்துல எல்லாமே ஒரே பழுப்பு நிறம்தாம்மா. அதனாலதான் செஞ்சு பாக்கணும்ங்கிறது. அக்குள்ல பிரேக்கியல் பிளெக்சஸ்னு ஒரு நரம்புக் கூட்டம் இருக்கு. முதல்ல வழியை மறைக்கிற ஆக்சிலரி வெயினை, அதாவது அக்குள் சிரையை, எடுத்துடணும். அதுக்குப் பின்னாடி தமனிக்கு முன்பக்கமா நரம்புங்க எம் எழுத்து மாதிரி தெரியும். எம்மோட நடு முனையிலேர்ந்து இறங்குறது மீடியன் நரம்பு, உள் கால் அல்னர், வெளிக் கால் மஸ்குலோகியூடேனியஸ். அந்த வெளிக் கால் கோரகோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைச்சுக்கிட்டு உள்ள போகும். பழகாத கண்ணுக்கு அதுதான் அடையாளம். தசையைத் துளைக்கிற நரம்பைப் பிடி, அங்கேர்ந்து மேல வா, எம் தானா வந்துடும். ஒரு தடவை கையால பிடிச்சுப் பாத்தவங்க மறக்க மாட்டாங்க.

சித்தப்பா: ஹாலோட காத்தோட்டத்தையும் பாரு. உடல் கெடாம வைக்கிற ஃபார்மலின்ல இருக்கிற ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லயே வகைப்படுத்திடுச்சு. உள்ள நுழைஞ்ச உடனே கண் எரிஞ்சு தண்ணி வந்தா எக்ஸாஸ்ட் சரியா வேலை செய்யலை. டேபிள்லயே காத்தைக் கீழ இழுக்கிற அமைப்பு இருந்தா ரொம்ப நல்லது. கான்டாக்ட் லென்ஸ் போடாதே, கண்ணாடி போடு. லேடெக்ஸ் கையுறையைவிட நைட்ரைல் ஃபார்மலினை நல்லாத் தாங்கும். அன்னிக்கு வேலை செய்ற பகுதியை மட்டும் திறந்து வச்சு மத்ததை ஈரத் துணியால மூடியிருக்காங்களான்னும் பாரு. மூடாம விட்டா திசு காஞ்சு கயிறு மாதிரி இறுகிடும், அப்புறம் நரம்பைப் பிரிக்கவே முடியாது.

செந்தில் அண்ணன்: இப்பதான் டியூட்டி முடிஞ்சுது, குரூப்ல நீங்க எழுதினது எல்லாத்தையும் படிச்சேன். கயல், ஹவுஸ் சர்ஜன் யாரையாவது பாத்தா இதை மட்டும் கேளு: "ராத்திரி ரெண்டு மணிக்கு நோயாளிக்குப் போட்ட ஊசி கையில குத்திடுச்சுன்னா யாருக்குப் போன் பண்ணணும்?" நம்பரோ இடமோ டக்குனு சொன்னாங்கன்னா அந்தக் காலேஜ் ஸ்டூடன்ட்ஸைக் கவனிக்குது. யோசிச்சாங்கன்னா அங்க ஏற்பாடு இல்லை, இல்லைன்னா பயத்துல யாரும் சொல்றதில்லை.

அம்மா: ஊசி குத்துறது அவ்வளவு சகஜமா செந்தில்?

செந்தில் அண்ணன்: நடக்கும் பெரியம்மா. தூக்கக் கலக்கத்துல ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போகும்போதுதான் நிறைய குத்தும். மூடியே போடக் கூடாது, அப்படியே ஷார்ப்ஸ் டப்பாவுல, அதான் ஊசி, பிளேடு போடுற டப்பாவுல, போட்டுடணும். டப்பா கட்டில் பக்கத்துல கை எட்டுற தூரத்துல இருக்கணும். வார்டோட அந்தக் கோடியில இருந்தா ஊசியைக் கையில வச்சுக்கிட்டே நடப்பாங்க. டப்பா முக்கால்வாசி நிறைஞ்சா மாத்தணும், வழிய வழிய நிரப்பினா போடும்போதே குத்தும். குத்திட்டா பிதுக்கக் கூடாது, சோப்புத் தண்ணியில கழுவணும், உடனே சொல்லணும். ஹெச்ஐவி தடுப்பு மருந்து தேவைன்னா சில மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது, 28 நாள் சாப்பிடணும். "காலைல சொல்லிக்கலாம்"னு படுக்கிறது பெரிய தப்பு.

செல்வி அக்கா: கயல், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வார்டுக்குப் போறதுக்கு முன்னாடியே முடிச்சுடு. முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது. சின்ன வயசுல போட்டிருந்தா அந்த ரெக்கார்டைத் தேடி எடுத்து வை. கடைசி ஊசி போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஆன்டிபாடி டெஸ்ட், அதாவது எதிர்ப்புச் சக்தி வந்திருக்கான்னு ரத்தத்துல பாக்கிறது, எடுக்கணும். அளவு குறைஞ்சது 10 இருக்கணும். இதைக் காலேஜே நடத்துதான்னு கேளு.

கயல்: எழுதிக்கிட்டேன். லெக்சர் எப்படின்னு எதை வச்சுப் பாக்கிறது?

செந்தில் அண்ணன்: லெக்சருக்கு நான் ரொம்ப வெயிட் குடுக்க மாட்டேன். ஸ்லைடைப் படிக்கிற லெக்சர் எல்லா இடத்துலயும் உண்டு, அதை நீயே சரி பண்ணிக்கலாம். கிளாஸ் முடிஞ்சதும் நோட்டை மூடி வச்சுட்டு, ஞாபகம் இருக்கிறதை வெள்ளைப் பேப்பர்ல எழுது. விட்டுப் போனதை மட்டும் திரும்பப் படி. 2006ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு பேர் ஸ்டூடன்ட்ஸை வச்சே சோதிச்சாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, படிச்சுட்டுத் தன்னையே சோதிச்சுக்கிட்டவங்க முன்னாடி. அங்கி (Anki)ங்கிற ஆப்ல கேள்வி-பதில் அட்டை செய்றதுன்னா ஒரு அட்டையில ஒரே விஷயம், ஒரு நாளைக்குப் புதுசு இருபதுக்கு மேல வேண்டாம். அடுத்தவங்க செஞ்ச ஆயிரக்கணக்கான அட்டையை இறக்கி வச்சா மூணாவது வாரம் ரிவிஷன் குவிஞ்சு எல்லாத்தையும் விட்டுடுவே.

சித்தப்பா: நல்ல லெக்சர் கிடைச்சா விட்டுடாதே செந்தில். பிசியாலஜியில அது பெரிய வரம்.

செந்தில் அண்ணன்: அது உண்மை சித்தப்பா. பரீட்சை முறையையும் கேளு கயல். ஆஸ்கி (OSCE)ன்னு ஒரு செய்முறைப் பரீட்சை உண்டு, டண்டீயில ஹார்டன் 1975ல கொண்டு வந்தது. ஸ்டேஷன் ஸ்டேஷனாப் போய், குறிச்ச நிமிஷத்துக்குள்ள ஒரு வேலையைச் செஞ்சு காட்டணும், ஒரு பரிசோதகர் பாத்து மார்க் போடுவார். அது வருஷக் கடைசியில மட்டும் நடக்குதா, ஒவ்வொரு போஸ்டிங், அதாவது ஒவ்வொரு டிபார்ட்மென்ட்ல போடுற பயிற்சி, முடியும்போதும் நடக்குதா? முடிஞ்சதும் எங்க தப்புன்னு சொல்றாங்களா, மார்க்கை மட்டும் ஒட்டிட்டுப் போயிடறாங்களா? பசங்க செஞ்சதை எழுதிக் கையெழுத்து வாங்குற லாக் புக்கையும் காட்டச் சொல்லு. ஒரே தேதியில ஒரே பேனாவுல முப்பது கையெழுத்து இருந்தா யாரும் பக்கத்துல நிக்கலைன்னு அர்த்தம்.

அம்மா: ஹாஸ்டல் வாழ்க்கை? எனக்கு அந்தக் கவலைதான் பெருசா இருக்கு.

செல்வி அக்கா: ரூமைவிட ராத்திரி ஹாஸ்பிடல்லேர்ந்து ஹாஸ்டலுக்கு வர்ற வழியைப் பாருங்க பெரியம்மா. விளக்கு, தூரம், அந்த நேரத்துல காவல் இருக்கான்னு. இருட்டினப்புறம் ஒரு தடவை நடந்தே பாருங்க. நைட் டியூட்டி முடிச்சவங்களை மறுநாள் எத்தனை மணிக்கு அனுப்புறாங்கன்னு கேளுங்க. அப்படியே நேரா வண்டி ஓட்டிக்கிட்டு வர்றது ஆபத்து, தூங்கிட்டுத்தான் எடுக்கணும்.

செல்வி அக்கா: இன்னொண்ணு. மனசு சரியில்லைன்னா யார்கிட்ட போகலாம்னு ஸ்டூடன்ட்ஸைக் கேளு கயல். மனநல ஆலோசனை சொல்ற கவுன்சிலர் உன் டிபார்ட்மென்ட்ல மார்க் போடுறவரா இருக்கக் கூடாது. அப்படி இருந்தா பசங்க போகவே மாட்டாங்க. வார்டுல எல்லார் முன்னாடியும் திட்டி அவமானப்படுத்துறது "கண்டிப்பு"ன்னு நடக்குதான்னும் விசாரி. திட்டுக்குப் பயந்தவங்க பல்ஸை எண்ணாமலே எண்ணினதாச் சொல்லுவாங்க. அதுல அடிபடுறது நோயாளிதான்.

கயல்: டிசெக்ஷன் ஹாலுக்குள்ள எங்களை விடுவாங்களா சித்தப்பா?

சித்தப்பா: டிபார்ட்மென்ட்ல அனுமதி கேளுங்க. விடலைன்னா அதைக் குறையா எடுத்துக்காதே. உடலைத் தானமாக் குடுத்தவங்க அங்க இருக்காங்க, வெளியாளுங்களை நிறுத்துறது சரிதான். அப்போ வெளியில வர்ற முதல் வருஷப் பசங்ககிட்ட இன்னிக்கு எந்தப் பகுதி, யார் அறுத்தாங்கன்னு கேளு. உள்ள விட்டா போனைப் பைக்குள்ள வச்சுட்டுப் போ, போட்டோ எடுக்கவே கூடாது.

செல்வி அக்கா: காலைலயே போயிடுங்க பெரியம்மா. வார்டு பாடம் காலைலதான் நடக்கும், மத்தியானம் போனா காலி கட்டிலும் நாற்காலியும்தான் இருக்கும்.

அம்மா: சரிம்மா. எட்டு மணிக்கு அங்க இருக்கிற மாதிரி கிளம்புறோம்.

கயல்: பாஸ் பர்சன்டேஜை அடிச்சுட்டேன் சித்தப்பா. லாக் புக், ஷார்ப்ஸ் டப்பா, ராத்திரி வழி மூணையும் மேல எழுதிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவங்க சொன்ன பதிலையெல்லாம் அப்படியே இங்க போடறேன்.