சேர்ந்து எழுதும் குறுநாடகம்: கடைசிப் பிரதியை யார் எழுதுவது?

வினா – பின்வரிசை

வணக்கம். மதுரையில் மாதந்தோறும் கூடி, எழுதியதை வாசித்துப் பேசும் ஆறு பேர் கொண்ட சிறு குழு எங்களுடையது. பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்க வரும் மூன்று உடன்பிறப்புகளை வைத்து, இருபது நிமிடத்துக்குள் முடியும் நாடகம் ஒன்றை எழுதி, கட்டணமின்றி நடத்தலாம் என்று இறங்கியுள்ளோம். காட்சிக்கு ஒருவராகப் பங்கிட்டுக்கொண்டதில், முதற்காட்சியில் “சாப்பிட்டியாடா, மூஞ்சி ஏன் வாடிக் கிடக்கு?” என்று கேட்கும் அக்கா, மூன்றாம் காட்சியில் “உறவின் மதிப்பை நீங்கள் உணரவேயில்லை” என்று பட்டிமன்றம் பேசுகிறாள். திருத்த உட்கார்ந்தால், தம் வசனத்தை விட்டுக்கொடுக்க எவருக்கும் மனமில்லை. வேலையைப் பங்கிடுவது எப்படி, இறுதி முடிவு யாருடையது, ஆசிரியர் என்று யார் பெயரைப் போடுவது?

மறுமொழி – ஒத்திகைக்காரன்

காட்சிவாரியாகப் பங்கிட்டதிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, மூவர் அந்த உடன்பிறப்புகளாக நின்று, “அம்மாவின் பீரோ சாவி யாரிடம்?” என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பத்து நிமிடம் வாதாடட்டும், மற்றவர்கள் கைபேசியில் பதிவு செய்யட்டும். எழுதும்போது தோன்றாத பேச்சு அப்போது வந்து விழும். நாடகாசிரியர் எழுதித் தந்ததை நடிகர் ஒப்பிப்பது என்னும் வழக்கத்தை விட்டு, பயிற்சியிலிருந்தே காட்சியைத் திரட்டும் முறை தமிழ்க் குழுக்களிடையே பரவியதில், வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பயிலரங்குக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் பதிவைக் கேட்டுப் பிரதியாக்கும் வேலையை ஒருவரிடமே விடுங்கள். கதை ஆறு பேருடையதாக இருக்கலாம். வசனத்தின் நடை ஒருவருடையதாகத்தான் இருக்க முடியும்.

மறுமொழி – கீழவாசல்

மேலே எழுதியவருடன் எனக்குப் பாதி உடன்பாடுதான். நடிப்புப் பயிற்சி இல்லாத எழுத்தாளர்களைப் பேசவிட்டால் மூவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள். சர்க்காரின் பயிலரங்கில் உடற்பயிற்சிக்கும் ஒருவரையொருவர் நம்பப் பழகுவதற்கும் அவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டது சும்மா இல்லை. நீங்கள் காட்சிக்குப் பதிலாகப் பாத்திரத்தைப் பங்கிட்டுப் பாருங்கள். அக்காவின் பேச்சு முழுவதையும் ஒருவர், தம்பியின் பேச்சு முழுவதையும் மற்றொருவர் என்று, எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் வசனத்தைப் படித்த பிறகே அடுத்தவர் தம் பதிலை எழுத வேண்டும். அக்காவை எழுதுபவர் தம்பிக்குச் சாவியைத் தர விரும்பமாட்டார் அல்லவா? அந்தப் பிடிவாதம் நாடகத்துக்குத் தேவையானது.

எழுதி முடித்ததும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்க வாசியுங்கள். மௌனமாகப் படிக்கையில் பன்னிரண்டு நிமிடமாகத் தெரிவது, ஆள் எழுந்து நடந்து பீரோவைத் திறக்கும்போது இருபதைத் தாண்டிவிடும். இன்னொன்று, எழுதிய ஆறு பேரில் எவரும் நெறியாளராக இருக்க வேண்டாம். வெளியாளாக ஒருவர் வந்தால்தான் அழகான வசனத்தை அஞ்சாமல் வெட்டுவார்.

மறுமொழி – சட்டப்பிரிவு

பெயர் குறித்த கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இன்னார் எழுதியது இன்ன பகுதி என்று பிரித்தறிய முடியாதபடி பலர் சேர்ந்து உருவாக்கிய படைப்பை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கூட்டுப் படைப்பு என்கிறது. அதன் பதிப்புரிமை, ஆசிரியர்களில் கடைசியாக மறைபவருக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே எழுத்தில் பங்கேற்ற அனைவர் பெயரையும் அகரவரிசையில் போடுங்கள். ஒருவரே பிரதியைச் செப்பனிட்டிருந்தால் “இறுதி வடிவம்” என்று அவர் பெயரைத் தனியே குறிக்கலாம். கல்லூரி விழா ஒன்றில் இதை நடத்த நாளை யாராவது கேட்டால் எவர் ஒப்புதல் தருவது, குழுவை விட்டு விலகியவருக்கு என்ன உரிமை என்பவற்றை, நட்பாக இருக்கும் இப்போதே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுவிடுங்கள்.

பின்வரிசை

மூவருக்கும் நன்றி. பாத்திரவாரியாகவே எழுதப்போகிறோம், பீரோ சாவியையும் எடுத்துக்கொள்கிறோம். ஓர் ஐயம்: வெளியிலிருந்து வரும் நெறியாளர் ஒத்திகையின்போது வசனத்தை மாற்றினால் என்ன செய்வது?

கீழவாசல்

வெட்டுவதற்கு உரிமை கொடுங்கள், புதிதாகச் சேர்ப்பதற்குக் கொடுக்காதீர்கள். சேர்க்க வேண்டிய இடம் வந்தால் அந்தப் பாத்திரத்தை எழுதியவரை ஒத்திகைக்கு அழைத்து, அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.