கெட்டுப்போன ஒரு புகைப்படம், அதற்குப் பிறகு மாற்றிக்கொண்ட ஒரு பழக்கம்: உங்கள் அனுபவம் என்ன?

நல்லா வந்த படத்தை எல்லோரும்தான் காட்டுகிறோம். சொதப்பியது ஒன்றை எழுதுங்கள், அதனால் என்ன மாற்றிக்கொண்டீர்கள் என்பதையும் சேர்த்து. பிள்ளையார் சுழி நானே போடுகிறேன்.

என்னுடையது கொக்கு. குளத்தின் நிழலடித்த ஓரம், கொக்கின் மேல் மட்டும் வெயில். இரண்டு மணி நேரம் சேற்றில் குந்தி 140 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால், ஒன்றில்கூட இறகு என்று எதுவும் இல்லை. வெள்ளைத் தாளைக் கத்தரித்து ஒட்டினது மாதிரி ஓர் உருவம். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது, அதை நம்பினது என் தப்பு. ஃப்ரேமில் முக்கால்வாசி கறுத்த தண்ணீர். அந்தக் கறுப்பை வெளிச்சமாக்கப் போய், கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கொக்கை எரித்துவிட்டது. இப்போதெல்லாம் வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். திரையில் படத்தைப் பார்ப்பதைவிட ஹிஸ்டோகிராமை (இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) பார்க்கிறேன். வலது ஓரத்தில் முட்டி நின்றால் இன்னும் குறைப்பேன்.

*

எனக்கு நேர் எதிராக நடந்தது. விடியற்காலைப் பனிமூட்டம், நடுவில் ஒற்றை மரம். கண்ணுக்குப் பால் மாதிரி இருந்த மூட்டம் படத்தில் துவைக்காத வேட்டி நிறத்தில் வந்தது. ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே கூட்டின பிறகுதான் வெள்ளை வெள்ளையாச்சு. நீங்கள் குறைக்கச் சொல்கிறீர்கள். வெள்ளைக்குக் கூட்டணுமா, குறைக்கணுமா?

*

ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். மீட்டருக்குக் கொக்கும் தெரியாது, மூட்டமும் தெரியாது. பார்ப்பதையெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும் (புத்தகங்களில் 18 சதவீதச் சாம்பல் என்று போட்டிருக்குமே, அதுதான்). ஃப்ரேமில் எது அதிக இடத்தை அடைத்திருக்கிறதோ அதன் பக்கம் ஏமாறும். மூட்டம் ஃப்ரேம் முழுக்க வெள்ளை, அதனால் கூட்டணும். கொக்கு கறுப்புக்கு நடுவே துளி வெள்ளை, அதனால் குறைக்கணும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது நிலாவிடம். கேமராவை ஆட்டோ மோடில் விட்டு எடுத்தால் வானத்தில் ஒரு டார்ச் லைட்தான் வரும். ராத்திரி என்பதால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டி வேறு வைத்தேன், இன்னும் மோசம். நிலா வெயிலில் நிற்கிற ஒரு பாறை என்று ஒருவர் சொன்னதும்தான் மண்டையில் ஏறியது. முழு நிலாவுக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 200, லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் 1/200 நொடி வைத்துப் பாருங்கள், கறைகள் தெரியும். அதற்காகப் பெரிதாக வரும் என்று நினைக்க வேண்டாம். 200 எம்எம் லென்ஸில், படம் பதியும் சென்சார் மேல் விழும் நிலா 2 மில்லிமீட்டர்கூட இருக்காது.

*

என் மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டினால் பாவம் என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் ஷட்டர் 1/40 நொடியில் எடுத்துத் தள்ளினேன். ஒரு வருஷப் படங்களில் பாதிக்கு மேல் முகம் இழுபட்டுக் கிடக்கிறது. லென்ஸில் ஷேக்கைத் தடுக்கும் வசதி இருந்தது. அது என் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், குழந்தையையா பிடிக்கும்? புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்திருந்தால் இன்று மென்பொருளில் குறைத்திருப்பேன். இழுபட்ட கண்ணை என்ன செய்ய?

இப்போது 1/250-க்குக் கீழே இறங்குவதே இல்லை, ஐஎஸ்ஓ 3200 போனாலும் போகட்டும். அதோடு விளையாட்டுச் சாமான்களை ஜன்னலோரம் நகர்த்திவிட்டேன், அவளும் அங்கே வந்துவிட்டாள். சின்ன ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிற வெளிச்சம் இரண்டு மீட்டரில் ஏறக்குறைய கால்வாசி ஆகிவிடுகிறது. லென்ஸ் வாங்கச் சேர்த்த பணம் அப்படியே இருக்கிறது. இன்னொன்று, தரையில் படுத்து எடுங்கள். நின்றபடி எடுத்த படங்களில் எங்கள் வீட்டுத் தரைதான் கதாநாயகி.

*

எல்இடி விளக்குக்குக் கீழே படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு. கேமரா போச்சு என்றே நினைத்தேன். விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறதாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள ஊர் என்றால் ஷட்டர் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. கோடு போச்சு. தவழும் பிள்ளையை அந்த விளக்கில் எடுக்காதீங்க, மேலே சொன்ன 1/250 அங்கே கைகொடுக்காது.

*

என்னிடம் இருப்பது மொபைல்தான். எழுதலாமா?

மழையை எடுக்கப் போனேன். கொட்டுகிற மழை, படத்தில் ஒரு துளி இல்லை. வெளுத்த வானத்தைப் பின்னால் வைத்து எடுத்தால் மழை அதோடு கரைந்துவிடுகிறது. பின்னால் இருட்டான சுவரோ மரமோ வேண்டும், வெளிச்சம் துளிகளுக்குப் பின்பக்கத்திலிருந்து வர வேண்டும். ஒருநாள் தெருவிளக்கு எதிரில் இருக்க, எடுத்தேன். ஒவ்வொரு துளியும் நூலாக இறங்கியது. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்ததில் முதல் பத்துப் படம் லென்ஸில் ஆவி படிந்து வீண். துடைத்தாலும் திரும்பப் படிகிறது. கொஞ்ச நேரம் சூடேற விடுவதுதான் வழி. மற்றபடி மொபைல்காரர்களுக்கு என் ஒரே ஆலோசனை, எடுக்கும் முன் லென்ஸில் இருக்கும் விரல் பிசுக்கைத் துடையுங்கள். சிரிக்காதீங்க, உங்களுடையதை இப்போது எடுத்துப் பாருங்கள்.

*

துடைத்தேன். சிரிக்கவில்லை.

*

கொக்குக்காரன் மறுபடி. இதையெல்லாம் படித்த உற்சாகத்தில் இன்று காலை அதே குளத்துக்குப் போனேன். கொக்கு வரவில்லை. பட்ட கிளையில் ஒரு நீர்க்காகம், இரண்டு சிறகையும் விரித்து உலர்த்திக்கொண்டு, பின்னால் வெளுத்த வானம். அசையக்கூட இல்லை, அரை மணி நேரம் எனக்காகவே நின்றது.

கைப்பழக்கத்தில் ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்திருக்கிறேன். 60 படம், அறுபதும் கரிக்கட்டை.