பிளக் நனைந்து போகிறது, காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை

கேள்வி:
1920-களின் கார், நாலு சிலிண்டர், கைப்பிடி சுற்றித்தான் கிளப்ப வேண்டும். சூடாக இருந்தால் அரைச் சுற்றில் பிடித்துக்கொள்கிறது. ராத்திரி முழுக்க நின்றுவிட்டால், சோக்கை இழுத்துப் பிடித்து இருபது தடவை சுற்றினாலும் உயிர் வரவில்லை. பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, ஈரமாக, குப்பென்று பெட்ரோல் வாடை. சோக் போதவில்லையா?

பதில்:
அதிகம் ஐயா! குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால்தான் சோக் காற்றை அடைத்துக் கூடுதல் பெட்ரோலை இழுக்கிறது. இக்னிஷனை அணைத்து இரண்டு மூன்று சுற்று, அவ்வளவுதான் சோக். பிறகு அதைப் பாதி தள்ளிவிட்டு, இக்னிஷன் போட்டு ஒரே இழுப்பு. அதற்கு முன், பொறி விழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் லீவரை, பொறி தாமதமாக விழும்படி முழுக்கப் பின்னுக்குத் தள்ளுங்கள். பொறி முந்தினால் கைப்பிடி திருப்பி அடிக்கும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், கீழிருந்து மேலே இழுங்கள். எனக்குக் கற்றுத்தந்தவருக்கு மணிக்கட்டு உடைந்து கோணலாகவே கூடியது. 1912 காடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் கையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

இன்னொரு பதில்:
முதலில் பிளக்குகளைக் கழற்றி, சோக்கும் த்ராட்டிலும் முழுக்கத் திறந்து, இக்னிஷன் இல்லாமல் பத்துச் சுற்று. பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவியிருக்கும், கம்ப்ரஷன் வராது. ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு ஆயில் விடுங்கள். சும்மா நிற்கும்போதே கார்புரேட்டர் சொட்டுகிறதா?

கேட்டவர்:
ஆமாம், சொட்டுகிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் பித்தளை மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினேன், உள்ளே தளதளவென்று பெட்ரோல். வெந்நீரில் அமுக்கியதும் மடிப்போரத்தில் வரிசையாகக் குமிழி. நாளை ஈயம் வைக்கிறேன்.

பதில்:
உள்ளே ஒரு சொட்டுகூட இல்லாமல் வடித்த பிறகு மட்டும். தீ ஜாக்கிரதை.