இஎஸ்சி வேலை செய்யும்போது எதிர் ஸ்டீயரிங் கொடுக்கலாமா?

பின்சக்கரப்பிரியன்:
பின்சக்கர டிரைவ் கார், ஈரமான வளைவு. பின்புறம் வழுக்கத் தொடங்கியதும் பழகிய கை எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கை ஒடித்துவிடும். அதே நேரத்தில் இஎஸ்சியும் (வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு ஏற்பாடு) பிரேக் பிடித்து, இன்ஜின் சக்தியைக் குறைக்கிறது. வண்டி நேராவதோடு நிற்காமல் மறுபக்கம் ஒரு வெட்டு வெட்டுகிறது. இஎஸ்சி இல்லாத வண்டியில் அதே கை அதே அளவு கொடுத்தால் இந்த வெட்டு வருவதில்லை. ஓட்டத் தெரிந்தவருக்கு இது உதவியா, இடைஞ்சலா? ஆஃப் பட்டனை அழுத்தினால் உண்மையிலேயே முழுக்க ஆஃப் ஆகுமா?

நாலாம்கியர்:
ஒரே வேலையை இரண்டு பேர் செய்வதுதான் இங்கே சிக்கல்.

இஎஸ்சிக்குக் கண் கிடையாது. ஸ்டீயரிங் கோணத்தையும் வண்டியின் வேகத்தையும் வைத்து 'டிரைவர் இவ்வளவு சுழற்சி கேட்கிறார்' என்று கணக்குப் போடும். வண்டி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் யா சென்சார் காட்டும் உண்மையான சுழற்சியோடு அதை ஒப்பிடும். 50 மீட்டர் ஆரமுள்ள இடப்பக்க வளைவில் 54 கிமீ வேகம் என்றால் சுழற்சி நொடிக்கு சுமார் 17 டிகிரி. பின்புறம் வழுக்கி அது 30 ஆனால், அதிகப்படி 13. உடனே வளைவின் வெளிப்பக்க முன்சக்கரத்தில் பிரேக் விழும். முன்புறம் உள்ளே போகாமல் வெளியே இழுக்கப்படும், சுழற்சி அடங்கும்.

இப்போது நீங்கள் ஸ்டீயரிங்கை நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஒடிக்கிறீர்கள். கணக்கில் நீங்கள் கேட்பது இடப்பக்கம் 17 இல்லை, வலப்பக்கம் ஏதோ ஒன்று. வித்தியாசம் 13-லிருந்து 40-ஐத் தாண்டிவிடும். வண்டி பக்கவாட்டில் எவ்வளவு சறுக்குகிறது என்பதையும் இஎஸ்சி யூனிட் கணித்துக் கொஞ்சம் அடக்கி வாசிக்கும் என்றாலும், பிரேக் கூடத்தான் செய்யும். உங்கள் முன்சக்கரமும் அதே திசையில் இழுக்கிறது. பின்டயருக்குப் பிடிமானம் திரும்பும் அந்த நொடியில் ஸ்டீயரிங் இன்னும் ஒடிந்தே இருந்தால், வண்டி அது காட்டும் பக்கம் பாயும். நீங்கள் சொல்லும் வெட்டு இதுதான்.

எதிர் ஸ்டீயரிங் தப்பில்லை, அளவும் திருப்பி எடுக்கும் நேரமும்தான் மாற வேண்டும். பழைய பழக்கத்தில் கொடுப்பதில் பாதி போதும். இஎஸ்சி பிரேக் பிடிக்கும்போது வரும் பம்ப்பின் கரகர சத்தம் கேட்டதுமே கையைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சடாரென்று எடுக்காதீர்கள். எடை முன்னால் பாய்ந்து பின்புறம் இன்னும் லேசாகும். குறைக்க வேண்டிய சக்தியை இஎஸ்சியே குறைத்துக்கொள்ளும்.

சறுக்குகோணம்:
மேலே சொன்னது சரி. இது ஏன் இப்படி அமைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இஎஸ்சிக்கான அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி எஃப்எம்விஎஸ்எஸ் 126-இன் சோதனையில் 80 கிமீ வேகத்தில் இயந்திரக் கைதான் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது. 0.7 ஹெர்ட்ஸ் அலைபோல ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், அங்கே அரை நொடி நிறுத்தி, நேராக்கிவிடும். நேராக்கிய 1 நொடியில் சுழற்சி உச்ச அளவின் 35 சதவீதத்துக்குள்ளும், 1.75 நொடியில் 20 சதவீதத்துக்குள்ளும் அடங்க வேண்டும். கவனியுங்கள், வண்டி சறுக்கும்போது அந்தக் கை எதிர் ஸ்டீயரிங் கொடுப்பதே இல்லை. பதறி ஒடித்துவிட்டு நேராகப் பிடித்துக்கொண்டிருப்பவரைத்தான் விதி மனதில் வைத்திருக்கிறது. உங்கள் திறமை அதற்கு மேல் வந்து விழும் கூடுதல்.

அதற்காக நாலாம்கியர் சொல்லும் 'பாதி'யை எல்லா வண்டிக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ள முடியாது. சில யூனிட்கள் சீக்கிரம் தலையிடும், சில தாமதமாக. யாரும் இல்லாத அகலமான ஈரத் தளத்தில் 40 கிமீக்குள் பழகிப் பார்ப்பதுதான் வழி.

ஒன்று மட்டும் மறுக்க முடியாது. எவ்வளவு தேர்ந்த கால் என்றாலும் ஒரு பெடலை வைத்து ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்க முடியாது. அதே சமயம், டயர் பிடிமானத்தை இஎஸ்சி ஒரு துளியும் கூட்டாது. அதே 50 மீட்டர் வளைவில் உராய்வுக் கெழு 0.5 என்றால் எல்லை 56 கிமீ. 70-ல் நுழைந்தால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

பின்சக்கரப்பிரியன்:
புரிகிறது. ஆஃப் பட்டன்?

சறுக்குகோணம்:
வண்டிக்கு வண்டி மாறும். பல கார்களில் ஒரு தட்டு தட்டினால், சக்கரம் வீணாகச் சுழலாமல் சக்தியைக் குறைக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் மட்டும் விலகும். சில நொடி அழுத்திப் பிடித்தால் இஎஸ்சி விலகும், அல்லது தலையிடும் எல்லை மட்டும் தள்ளிப்போகும். சிலவற்றில் பிரேக்கை மிதித்ததும் திரும்பி வந்துவிடும். ஏபிஎஸ் எப்போதும் இருக்கும். அடுத்த முறை இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி ஆன்.

மணல், ஆழமான பனி, சேறு என்றால் டிராக்‌ஷன் கண்ட்ரோலை ஆஃப் செய்வதுதான் சரி. அங்கே சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வண்டி நகரும், சக்தியை வெட்டினால் புதைந்துவிடும். இடது காலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுப்பவர்கள் வேறொன்றில் மாட்டுவார்கள். இரண்டு பெடலும் சேர்ந்தால் இன்ஜினை அடக்கும் ஏற்பாடு பல வண்டிகளில் தனியாக இருக்கிறது, இஎஸ்சியை ஆஃப் செய்தாலும் அது போகாது.

அலைன்மென்ட்காரர்:
ஓட்டும் முறையை மாற்றும் முன் வண்டியைப் பாருங்கள். வெட்டு ஒரு பக்க வளைவில் மட்டும் பலமாக வந்தால், குற்றவாளி பெரும்பாலும் ஸ்டீயரிங் கோண சென்சாரின் பூஜ்யம். வீல் அலைன்மென்ட் செய்துவிட்டு அதை அளவமைக்காமல் அனுப்பிவிடுவது சகஜம்.

கணக்கு இதோ: ஸ்டீயரிங்கில் 6 டிகிரி பிழை, விகிதம் 15:1 என்றால் சக்கரத்தில் 0.4 டிகிரி. வீல்பேஸ் 2.6 மீட்டர், வேகம் 100 கிமீ என்றால் எதிர்பார்க்கும் சுழற்சியில் நொடிக்கு சுமார் 4 டிகிரி பொய் வரும். வண்டியின் அண்டர்ஸ்டியர் தன்மையால் (ஸ்டீயரிங் கேட்பதைவிடக் குறைவாகத் திரும்புவது) அது குறையும். நேராக ஓடும்போது தானே திருத்திக்கொள்ளும் யூனிட்கள் உண்டு, ஆனால் ஒரு அளவுக்குத்தான்.

ஸ்கேனரை மாட்டுங்கள். சமதளத்தில் நேராக ஓட்டிக்கொண்டே, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து நேரடி அளவுகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் கோணமும் யா அளவும் 0-ஐ ஒட்டி இருக்க வேண்டும், நான்கு சக்கர வேகமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் தொடர்ந்து வேகம் கூட்டிக் காட்டினால் அந்த டயரில் காற்று குறைவு, அல்லது மற்றதைவிடத் தேய்ந்த டயர். முன்பின் வேறுவேறு மாதிரி டயர் போட்டிருந்தால், அதை மாற்றாமல் மேற்கொண்டு எதையும் தேடாதீர்கள்.